தொடர்பாடலின் அறம்: பழைய வீட்டுக் கணனிகளை முன்வைத்து ஒரு நோக்கு

ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார். இவ்விருவரும் ஆற்றலிலும் அறிவிலும் மொழியிலும் வேறுபட்டிருப்பின், எவர் எவருக்காகத் தம்மை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்? பேசுபவர் கேட்பவரின் நிலைக்கு இறங்கிவருதல் கடமையா, அல்லது பெருந்தன்மையா? கேட்பவர் விளங்கிக்கொள்ளாதவிடத்து அக்குற்றம் எவரைச் சாரும்? ஒழுக்கவியலாளர் பொய்மை, வாக்குறுதி, இரகசியம் என்பன பற்றி விரிவாக ஆராய்ந்த அளவுக்கு இவ்வினாவை ஆராய்ந்தனர் என்று கூறுவதற்கில்லை. பேச்சு என்பது பெரிதும் பேசுபவனின் கலையாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. திருக்குறளிலே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் அமைந்திருப்பதோடு கேள்விக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்துள்ளமை இவ்வகையிற் கவனத்திற்குரியது. சொல்லின் வெற்றி சொல்பவனிடம் மாத்திரம் தங்கியிருக்கவில்லை என்னும் உணர்வு அவ்வமைப்பிலே தென்படுகின்றது.

மனிதர் இருவர் உரையாடும்போது இவ்வினாவைத் தெளிவாகக் காண்பது கடினம். முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், பழக்கம், ஊகம் ஆகியன இடையிலுள்ள பிளவுகளை மூடிவிடுகின்றன. எதனையும் ஊகித்தறியும் ஆற்றலற்ற இரு பொறிகளைப் பேசவைக்க முற்படும்போதுதான், ஓர் உரையாடல் நிகழ்வதற்கு எவையெல்லாம் முன்னதாக ஒப்புக்கொள்ளப்படல் வேண்டும் என்பது வெளிப்படுகின்றது. ஏறத்தாழ 1977 தொடக்கம் 1980களின் இறுதிவரை வீடுகளிற் புகுந்த சிறிய கணனிகளை ஒன்றோடொன்று பேசவைப்பதற்காக எழுதப்பட்ட செய்நிரல்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவை இன்று பழம்பொருள்கள். எனினும், அவற்றைப் பேணுவோர் இன்றும் அவற்றுக்குச் செய்நிரல் எழுதி வருகின்றனர். அவர்களின் முயற்சியைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாது நோக்கின், தொடர்பாடலின் அறம் பற்றிய ஒரு கருத்து அதனூடே உருப்பெறுவதைக் காணலாம்.

முதலில் அக்கணனிகளுக்கிடையே நிலவிய வேறுபாட்டை நோக்குவோம். 1981ஆம் ஆண்டின் இறுதியில் பிபிசி மைக்ரோவும், 1982இல் சின்கிளேயர் ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64உம் வெளிவந்தன. ஒரே காலத்தில், ஒரே வகையான வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை எனினும், இவற்றின் மூளைப்பகுதி ஒன்றல்ல. நாடாவிலே தகவலைப் பதியும் முறை ஒன்றல்ல. வெளியுலகோடு இணைக்கும் துளைகளின் அமைப்பும் ஒன்றல்ல. கொமடோர் 64இன் இணைப்புத்துளை ஐந்து வோல்ற்றுக்குள் இயங்குவது. ஏனைய பல கருவிகள் கைக்கொண்ட ஆர்.எஸ்.232 என்னும் நியமமோ நேர், மறை என்னும் இருவகை மின்னழுத்தங்களைப் பயன்படுத்துவது. இடையே ஒரு மாற்றி இல்லாது இரண்டையும் நேரே இணைத்தால் செய்தி செல்லாததோடு கணனி பழுதடையவும் கூடும்.

எழுத்துக்களின் நிலை இதனிலும் வியப்பானது. கணனி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு. ஆஸ்கி என்னும் அமெரிக்க நியமத்தின்படி ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்தின் எண் 65. கொமடோர் 64இலோ, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒருங்கே தோன்றும் நிலையில், 65 என்பது சிறிய 'ஏ' ஆகும். எனவே ஆஸ்கி முறைப்படி அனுப்பப்பட்ட கடிதத்தை அது நேரே திரையிலிட்டால், பெரிய எழுத்துக்களெல்லாம் சிறியனவாகத் தோன்றும். 1981இல் வந்த இசட்.எக்ஸ். 81இல் அதே எழுத்தின் எண் 38. ஸ்பெக்ட்ரம் பெரும்பாலும் ஆஸ்கியைப் பின்பற்றியதாயினும், 165 முதல் 255 வரையுள்ள எண்களை பேசிக் மொழியின் கட்டளைச் சொற்களுக்கு ஒதுக்கிக்கொண்டது. 245 என்னும் எண்ணை அது திரையிலிட்டால் ஒரு தனி எழுத்துக்குப் பதிலாக 'பிரின்ட்' என்னும் சொல் முழுவதும் தோன்றும். அனுப்பியவன் நினைத்ததும் பெற்றவன் கண்டதும் வேறு வேறு. இடையில் வந்த எண்ணோ சிறிதும் மாறவில்லை.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று. யூனிக்கோட் முறை பரவலாவதற்கு முன்னர், பாமினி எழுத்துருவில் அமைத்த ஒரு தமிழ்க் கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணனியிலே திறந்தவர்கள், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலையே கண்டனர். எண்கள் யாவும் பிழையின்றி வந்து சேர்ந்தன. கட்டுரை வந்து சேரவில்லை. 'அனுப்பியாயிற்று' என்று சொல்வதும் 'சேர்ந்தது' என்று சொல்வதும் வெவ்வேறு கூற்றுக்கள் என்பதற்கு இதனைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. முதலாவது கூற்றைப் பேசுபவன் தானே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைச் சொல்லும் உரிமை கேட்பவனுக்கு மாத்திரமே உண்டு.

இவ்வுண்மையைச் செய்நிரலின் அமைப்பிலேயே பொதித்துவைத்த முன்னோடிகளுள் ஒருவர் வார்ட் கிறிஸ்டென்சன். 1977இல் அவர் எழுதிய செய்நிரலிலிருந்து தோன்றி, பின்னர் எக்ஸ்மொடெம் எனப் பெயர்பெற்ற நெறிமுறை, தொலைபேசி இணைப்பின்வழிக் கோப்புகளை அனுப்புவதற்குப் பல்வேறு கணனிகளிலே பயன்பட்டது. அதன்படி கோப்பானது 128 எழுத்துக்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் தன் வரிசை எண்ணோடும், எழுத்துக்களின் எண்களைக் கூட்டிப்பெற்ற ஒரு சரிபார்ப்புத் தொகையோடும் செல்லும். கேட்கும் கணனி தானும் கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்துவரின் 'ஏற்பு' என்னும் குறியையும், ஒவ்வாவிடின் 'மறுப்பு' என்னும் குறியையும் திருப்பி அனுப்பும். மறுப்பு வரின் அனுப்பிய கணனி அதே துண்டை மீண்டும் அனுப்பும். ஏற்பு வரும்வரை அடுத்த துண்டுக்குச் செல்லாது.

இந்நெறிமுறையின் தொடக்கம் குறிப்பாக நோக்கத்தக்கது. உரையாடலை ஆரம்பிப்பது பேசும் கணனியன்று, கேட்கும் கணனியே. அது ஆயத்தமானதும் 'மறுப்பு'க் குறியைப் பத்து விநாடிக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டிருக்கும். 'இன்னும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை' என்பதே அதன் பொருள். அதனைக் கேட்ட பின்னரே பேசும் கணனி முதலாவது துண்டை அனுப்பும். கேட்க ஒருவர் இருக்கின்றார் என்பது உறுதியாகும்வரை பேச்சு தொடங்குவதில்லை.

நான்கு ஆண்டுகளின் பின், 1981இல், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பிராங் டா குரூஸ், பில் கச்சிங்ஸ் என்போர் வகுத்த கேர்மிட் நெறிமுறை இக்கருத்தை இன்னும் ஒருபடி முன்கொண்டு சென்றது. அது பிறந்த சூழல் மாணவருக்கு நெருக்கமானது. பல்கலைக்கழகத்தின் பெருங்கணனிகளில் மாணவரின் கோப்புகளுக்குப் போதிய இடமிருக்கவில்லை. அவற்றைச் சிறிய கணனிகளின் தட்டுக்களிலே சேமித்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஆனாற் பெருங்கணனிகள் பலவகை. சிறுகணனிகள் அதனினும் பலவகை. சில இணைப்புக்கள் எட்டுப் பிற்றுக்களுள் ஏழை மாத்திரமே கடத்தின. சில கணனிகள் கட்டுப்பாட்டுக் குறிகளைச் செய்தியாக ஏற்காது, தமக்கிடப்பட்ட கட்டளைகளாகக் கொண்டு விழுங்கிவிட்டன. ஆகவே கேர்மிட், அத்தகைய குறிகளையெல்லாம் எந்தக் கணனியும் கடத்தக்கூடிய சாதாரண எழுத்துக்களாக மாற்றி அனுப்பியது. சிறுவர் விரும்பும் ஒரு பொம்மைத் தவளையின் பெயரைத் தாங்கிய இந்நெறிமுறை, காலப்போக்கில் கொமடோர் 64, பிபிசி மைக்ரோ உள்ளிட்ட பல கணனிகளுக்காகவும் எழுதப்பட்டது.

கேர்மிட் உரையாடலின் முதற் பொதியில் கோப்பின் உள்ளடக்கம் எதுவுமில்லை. அது அறிமுகப் பொதி. 'நான் ஏற்கக்கூடிய மிக நீண்ட பொதி இவ்வளவு', 'என்னிடமிருந்து பதில் வருவதற்கு இத்தனை விநாடி காத்திரு', 'ஒவ்வொரு பொதியின் ஈற்றிலும் எனக்கு இந்தக் குறி வேண்டும்' என்னும் பொருள்பட அதன் பகுதிகள் அமைந்துள்ளன. மற்றக் கணனியும் தன் ஏற்பிலே தன்னுடைய தேவைகளை இவ்வாறே கூறும். ஒன்று எதையேனும் கூறாது விட்டால், முன்னரே வகுக்கப்பட்ட எளிய நிலை கொள்ளப்படும். சரிபார்க்கும் முறையில் இரண்டும் உடன்படாவிடின், இரண்டுக்கும் தெரிந்த மிக எளிய முறையே கைக்கொள்ளப்படும். 'நான் இவ்வாறு பேசுவேன்' என்பதைவிட 'என்னிடம் இவ்வாறு பேசுக' என்பதே இவ்வறிமுகத்தில் மிகுதியாக உள்ளது. அதாவது, பேச்சின் அளவைத் தீர்மானிப்பது பேசுபவனின் ஆற்றலன்று. கேட்பவன் தானே அறிவித்த ஆற்றல்.

இதிலிருந்து ஓர் ஒழுக்க விதியை வகுக்கலாம். சமமற்ற இருவருக்கிடையே தொடர்பாடல் நிகழுமிடத்து, அதன் அளவைக் கூறும் உரிமை கேட்பவருக்குரியது. அவ்வளவிற்கு அமைதல் பேசுபவரின் கடமை. தன் அளவை மறைக்காது கூறுதல் கேட்பவரின் கடமை. பேசுபவர் இறங்கிவருவது பெருந்தன்மையாயின், அவர் விரும்பாதபோது அதனைக் கைவிடலாம். கடமையாயின் அவ்வாறு கைவிடல் இயலாது. கேர்மிட்டில் எந்தக் கணனியும் பெருந்தன்மை காட்டவில்லை. விதியை மீறிய கணனியின் செய்தி சேர்வதில்லை, அவ்வளவே.

இவ்விதிக்கு எதிராகச் சில தடைகள் எழுப்பப்படலாம். பொறிகளுக்கு ஏது அறம் என்பது முதலாவது தடை. ஜோன் சேர்ல் 1980இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், குறிகளை விதிப்படி மாற்றியமைப்பது பொருளை விளங்கிக்கொள்வதாகாது என்பதைச் சீன அறை என்னும் கற்பனை எடுத்துக்காட்டினால் வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டால், ஸ்பெக்ட்ரமும் கொமடோரும் எதனையும் கேட்கவுமில்லை, பேசவுமில்லை. இது ஏற்கத்தக்கதே. ஆயினும் நெறிமுறை பொறியின் ஆக்கமன்று. ஒருவரையொருவர் ஒருபோதும் சந்தித்திராத செய்நிரலாளர், தமக்குத் தெரியாத ஒருவரின் கணனி எத்தகையதாயினும் அதனோடு பேசுவோம் என்று செய்துகொண்ட உடன்பாடு அது. பொறி அவ்வுடன்பாட்டை நிறைவேற்றுகின்றது. உடன்பாட்டிலுள்ள அறம் மனிதருடையது.

இரண்டாவது தடை இதனிலும் வலியது. எப்போதும் வலுக்குறைந்தவரின் அளவே அளவாகுமாயின், வலுமிக்கவரின் ஆற்றல் வீணாகாதா? உயர்ந்த சிந்தனைகள் தாழ்ந்த அளவுக்குக் குறுக்கப்பட்டுச் சிதையாவா? இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் அவசியம். கேர்மிட்டில் பொதியின் நீளம் குறைக்கப்படுகின்றதேயன்றிக் கோப்பின் நீளம் குறைக்கப்படுவதில்லை. உள்ளடக்கத்தின் ஓர் எழுத்தும் விடுபடுவதில்லை. அது சிறிய கவளங்களாகப் பகிரப்படுகின்றது. வலுமிக்கவர் இழப்பது நேரம் ஒன்றையே. விநாடிக்கு 300 பிற்று வேகமுள்ள ஓர் இணைப்பிலே ஏறத்தாழ முப்பது எழுத்துக்களே விநாடிதோறும் செல்லும். 16,384 எழுத்துக்கள் கொண்ட ஒரு கோப்பு சென்று சேர ஒன்பது நிமிடங்களுக்கு மேலாகும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான எழுத்துக்களைக் கையாளக்கூடிய பெருங்கணனி, அந்த ஒன்பது நிமிடமும் அந்தச் சிறுகணனியின் வேகத்திற்கே அமையும். கருத்தைச் சிதைத்து எளிமையாக்குவது ஒன்று. கருத்தைச் சிதைக்காது பொறுமையோடு பகிர்வது மற்றொன்று. விதி வேண்டுவது இரண்டாவதையே. பாமரருக்கு விளங்காது என்று கூறிக் கருத்தையே மறைப்பவரும், விளங்காவிட்டால் எனக்கென்ன என்று கூறித் தம் வேகத்திலேயே செல்பவரும் இவ்விதியை ஒரேயளவில் மீறுகின்றனர்.

கேட்பவரின் கடமையும் இங்கு மறக்கப்படலாகாது. ஒரு கணனி தன் கொள்ளளவுக்கு மிஞ்சிய நீளத்தை அறிமுகப் பொதியிலே கூறுமாயின், வரும் எழுத்துக்கள் அதன் நினைவகத்திற் கொள்ளாது சிந்திப்போகும். சரிபார்க்காமலே ஏற்புக் குறியை அனுப்புமாயின், பிழையான துண்டு என்றென்றும் பிழையாகவே தங்கிவிடும். அனுப்பியவனுக்கோ எல்லாம் செவ்வனே நடந்ததாகத் தோன்றும். விரிவுரை மண்டபத்திலே விளங்காத இடத்தில் விளங்கியதுபோலத் தலையசைக்கும் மாணவன் அனுப்புவது இத்தகைய பொய்யான ஏற்பேயாகும். நாணத்தினால் அவ்வாறு செய்கின்றான் என்பது உண்மை. ஆயின், மறுப்பைக் கேட்டுச் சினங்கொள்ளும் விரிவுரையாளரே அந்நாணத்தை வளர்க்கின்றார் என்பதும் உண்மை. எக்ஸ்மொடெமில் மறுப்பு ஓர் அவமதிப்பன்று. அது உரையாடலின் இயல்பான ஒரு சொல். மறுப்பைச் சொல்ல இடமில்லாத உரையாடலிலே ஏற்புக்கும் பொருளில்லை.

ஒருவர் பலருக்குப் பேசும் நிலை தனியே நோக்கப்படல் வேண்டும். 1983இல் ஸ்பெக்ட்ரமுக்காக வெளியிடப்பட்ட 'இன்ரர்பேஸ் 1' என்னும் இணைப்புக் கருவி, 64 கணனிகள்வரை எளிய கம்பிகளால் இணைத்து ஒரு சிறு வலையமைப்பை உருவாக்க உதவியது. ஒவ்வொரு கணனிக்கும் ஓர் எண். குறித்த எண்ணுக்கு அனுப்பப்படும் பொதிக்கு அக்கணனி ஏற்பு அனுப்பும். ஆனாற் பூச்சியம் என்னும் எண்ணுக்கு அனுப்பினால் அது எல்லோருக்குமான ஒலிபரப்பாகும். அப்போது ஏற்பு எதிர்பார்க்கப்படுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்திற் பதில் அனுப்பினாற் கம்பியிலே குழப்பமே மிஞ்சும். இது தொழினுட்பத் தேவை மாத்திரமன்று. எல்லோருக்கும் பேசுபவர் எவரது பதிலுக்கும் காத்திருக்க இயலாது என்பது மேடைக்கும் பத்திரிகைக்கும் வானொலிக்கும் அரச அறிவித்தலுக்கும் பொருந்தும். ஆகவே ஒலிபரப்பியவர் 'நான் சொல்லிவிட்டேன்' என்று கூறலாமேயன்றி 'அவர்கள் அறிவார்கள்' என்று கூறும் உரிமை பெறார். தாம் வாசிக்கவியலாத மொழியில் ஒரு கடிதத்தை அலுவலகமொன்றிலிருந்து பெறும் குடிமகனின் நிலை இங்கே நினைவிற்கு வருதல் இயல்பு. கோவையிலே 'அனுப்பப்பட்டது' என்ற குறிப்பு உண்டு. கடிதமோ சேரவில்லை. குறித்த நாளிலே பதில் அளிக்கவில்லை என்று அக்குடிமகன் மீது குற்றஞ்சுமத்துவது, 245 என்னும் எண்ணை அனுப்பிவிட்டு ஸ்பெக்ட்ரமைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் கூறியபின், நெறிமுறைகளின் எல்லைகளையும் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். எக்ஸ்மொடெமின் சரிபார்ப்புத் தொகை வெறும் கூட்டலாதலின், ஒரு துண்டிலே இரு எழுத்துக்கள் இடம்மாறினால் அதனை அது கண்டறியாது, தொகை மாறாதிருக்கும். இக்குறையைப் போக்கப் பின்னர் வலிய முறைகள் சேர்க்கப்பட்டன. ஆயினும் எந்த முறையும் பொருளைச் சரிபார்ப்பதில்லை. குளோட் ஷனன் 1948இல் தகவற் கோட்பாட்டை வகுத்தபோதே, செய்தியின் பொருள் பொறியியற் பிரச்சினைக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவைத்தார். பொய்யான ஒரு கடிதமும் மெய்யான ஒரு கடிதமும் ஒரே துல்லியத்தோடு சென்று சேரும். ஆகவே சென்றுசேர்தல் என்பது தொடர்பாடலின் அறத்திலே முதற்படி மாத்திரமே.

மற்றோர் எல்லை இன்னும் ஆழமானது. பகைவரின் இருபுறமும் பாசறை அமைத்த இரு தளபதிகள், தூதுவர்மூலம் தாக்குதலுக்கு நாள் குறிக்க முயல்கின்றனர். தூதுவன் வழியிற் பிடிபடலாம். முதலாமவர் இரண்டாமவரின் ஏற்பை வேண்டுவார். இரண்டாமவர் தம் ஏற்பு சேர்ந்ததற்கு ஏற்பை வேண்டுவார். இத்தொடருக்கு முடிவில்லை. 1975இல் ஆய்வுலகில் வெளிவந்து, 1978இல் ஜிம் கிரேயினால் இரு தளபதிகள் புதிர் எனப் பெயரிடப்பட்ட இப்பிரச்சினை, நம்பகமற்ற வழியில் எத்தனை செய்திகள் பரிமாறப்பட்டாலும் முழு உறுதி கிட்டாது என்பதை நிறுவுகின்றது. வீட்டுக் கணனிகளும் இதற்கு விலக்கல்ல. கோப்பு முடிந்தது என்ற குறிக்குக் கிடைக்கும் இறுதி ஏற்பு சேர்ந்ததா என்பதனை அதனை அனுப்பிய கணனி ஒருபோதும் அறியாது. ஓரிடத்திலே சரிபார்த்தலை நிறுத்தி நம்பத்தான் வேண்டும். ஆனால், இந்நம்பிக்கை சரிபார்த்தலுக்குப் பதிலாக வருவதன்று. சரிபார்த்தலை இயன்றவரை செய்து முடித்தபின் எஞ்சும் இடைவெளியை நிரப்ப வருவது. முயலாமலே நம்புதல் சோம்பல். முயன்றபின்னும் நம்ப மறுத்தல், உரையாடலையே இயலாததாக்கும் ஐயம்.

பழைய கணனிகளோடு இவ்விதியும் பழையதாகிவிட்டதா என்று ஒருவர் வினவலாம். கேர்மிட் தோன்றிய அதே 1981இல், இணையத்தின் அடிப்படையான ரி.சி.பி. நெறிமுறையின் வரைவு வெளியிடப்பட்டது. அதிலும், 'இப்போது என்னால் இவ்வளவே ஏற்க முடியும்' என்று கேட்கும் கணனி இடையறாது அறிவித்துக்கொண்டிருக்கும். அனுப்பும் கணனி அவ்வளவை மீறலாகாது. இதன் பயனை 2003இல் வெளிவந்த ஒரு முயற்சி தெளிவாகக் காட்டிற்று. சுவீடனைச் சேர்ந்த அடம் டங்கெல்ஸ் எழுதிய கொன்ரிக்கி என்னும் மென்பொருள், இருபது ஆண்டுகளுக்கு முந்திய கொமடோர் 64ஐ இணையத்தோடு இணைத்தது. அதிலமைந்த சிறிய செய்நிரல் ஒரு நேரத்தில் ஒரு துண்டையே கையாளக்கூடியது. ஆயினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கணனிகள் அதனோடு பேசின. அது அறிவித்த அளவுக்குள் அனுப்பி, அதன் ஏற்புக்குக் காத்திருந்தன. 64 ஆயிரம் எழுத்து அளவேயான நினைவகம் கொண்ட ஒரு முதிய கணனியை அப்பெரிய வலையமைப்பு வெளியே நிறுத்தவில்லை என்றால், அதற்குக் காரணம் எவரது இரக்கமுமன்று. சிறியவரும் தம் அளவைக் கூறலாம் என்பதனைத் தொடக்கத்திலேயே விதியாக எழுதிவைத்தமையே காரணமாகும்.

மனிதரின் நிறுவனங்கள் பலவற்றிலே இவ்விதி இன்னும் எழுதப்படவில்லை. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அளவைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் பேசுபவரே. நோயாளிக்கு விளங்கும்படி நோயைக் கூறும் வைத்தியரும், வழக்காளிக்கு விளங்கும்படி தீர்ப்பைக் கூறும் நீதிபதியும் நல்லவர்கள் என்று போற்றப்படுகின்றனர். அவர்கள் போற்றப்படுவதே, அது கடமையாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சான்றாகும். கடமையைச் செய்தவரை எவரும் வியந்து போற்றுவதில்லை. கேட்பவர் தம் அளவை அச்சமின்றிக் கூறவும், அவ்வளவிற்கு அமையாத பேச்சு பேச்சாகவே கணிக்கப்படாதிருக்கவும் வழிசெய்யும்போதுதான், அனுப்பப்பட்டவை சேர்ந்தனவும் ஆகும்.